ஜோடி சேர்த்தது யார்? ஒப்பிட்டு ஆராயும் சில வழிகள்

அக்கா மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் ப்ராஜெக்ட் முன்வரைவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கிராமங்கள். ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழு பத்து வருடமாக ஓடுகிறது. வங்கிக் கடனில் ஒரு தவணைகூட நின்றதில்லை. இன்னொன்றில் மூன்றே வருடத்தில் குழு கலைந்துவிட்டது. கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்பதே இப்போது சண்டை. இரண்டையும் ஒப்பிட்டு, வெற்றிக்குக் காரணம் ‘தலைமைப் பண்பு’ என்று முடிவுரை வரைக்கும் எழுதி வைத்திருந்தாள். ஊருக்கு இன்னும் போகவே இல்லை.

“இந்த ரெண்டு ஊரை எப்படிம்மா எடுத்த?”

“ஒண்ணு அப்பத்தா ஊரு மாமா. இன்னொண்ணுக்கு டவுன் பஸ் போகுது.”

சிரித்துவிட்டேன். ஆனால் பெரிய பெரிய ஆய்வுகளையும் இதே கேள்வியால் உலுக்கிப் பார்க்கலாம். ஒப்பீடு என்ற ஒரே பெயரில் துறைக்குத் துறை நடப்பது ஒரே காரியம் இல்லை. மருத்துவர், பொருளியல்காரர், வரலாற்றுச் சமூகவியல்காரர், மொழியியல்காரர் எல்லாரும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த இரண்டும் அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்பதில்தான் ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் இருக்கிறது. அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

குலுக்கல்

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் ‘தாம்பரம் சானடோரியம்’ என்பது ஒரு ஸ்டேஷன் பெயர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை என்று மாதக்கணக்கில் ஆளை வைத்துப் பார்த்த இடத்தின் நினைவு அது. மாத்திரைகள் வந்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. மருந்தும் வேண்டும், கட்டிலும் வேண்டும் என்றார்கள். நாட்டில் இருந்த நோயாளிகளுக்கோ கட்டில்கள் எந்த மூலைக்கும் பத்தாது.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நாலு கைகள் சேர்ந்து நடத்திய வேலை. கேட்ட கேள்வி ஒன்றுதான்: அதே மருந்தை வீட்டில் இருந்தபடி சாப்பிட்டால் என்ன ஆகும்?

சானடோரியத்துக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் சும்மா ஒப்பிட்டிருந்தால் ஒன்றும் தேறியிருக்காது. போனவர் வசதியானவராக இருக்கலாம், இல்லை நோய் முற்றியவராக இருக்கலாம். அதனால் யார் எங்கே என்பதை நோயாளியிடமும் விடவில்லை, டாக்டரிடமும் விடவில்லை. குலுக்கல் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்து, அதே ஒரு வருடம். ஒரு பக்கம் கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. மறுபக்கம் நெரிசலான ஏழை வீடுகள், குறைவான சாப்பாடு, கூடுதல் உழைப்பு.

1959-இல் முடிவு வெளிவந்தது. வருடக் கடைசியில் கிருமி அடங்கிப்போனவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். எடை கூடியது சானடோரியக்காரர்களுக்குத்தான். ஆனால் எடையும் குணமும் ஒன்றில்லை என்று இதில் தெரிந்துபோனது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் அதனால் அதிகமாகவில்லை என்று ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னார்கள். உலகம் முழுக்க சானடோரியங்களின் கதை மாறத் தொடங்கியது சேத்துப்பட்டிலிருந்துதான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம்.

ஆனால் ‘வீடு’ என்ற அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை மையத்துக்கு வரவேண்டும். வீட்டுக்கு ஆள் வருவார்கள். திடீரென்று வந்து மாத்திரையை எண்ணுவார்கள். மாத்திரை உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். ஆக, கட்டிலோடு ஒப்பிடப்பட்டது வெறும் வீடு இல்லை, பின்னாலேயே ஆள் வருகிற வீடு. இதை விட்டுவிட்டு ‘வீட்டிலேயே குணமாகும்’ என்று மட்டும் எடுத்துக்கொண்டால், மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுக் கைகழுவத்தான் அது உதவும். குலுக்கல் இரண்டு கூட்டத்தையும் சமமாக்கும். எதை எதோடு ஒப்பிட்டோம் என்பதைச் சரியாகப் பெயர்சொல்லும் வேலையை அது செய்யாது.

தானாக அமைந்த ஜோடி

காலராவையும் கலப்பட நீரையும் வைத்துக் குலுக்கல் போட முடியாது. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவருக்கு அது தானாகவே அமைந்தது. அவர் பெயரைச் சொன்னாலே பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிய கதையைத்தான் சொல்கிறோம். அது நல்ல கதை, சுமாரான சான்று. கைப்பிடி கழன்றபோது நோய் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது. ஸ்னோவே அதை மறைக்கவில்லை.

அசல் வேலை தேம்ஸுக்குத் தெற்கே நடந்தது. அங்கே இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள். சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலக்கிற இடத்திலேயே தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இல் ஆற்றின் மேற்பகுதிக்கு இடம் மாறிவிட்டது. போட்டியில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. இந்த வீட்டுக்கு ஒரு தண்ணீர், அடுத்த வீட்டுக்கு வேறு தண்ணீர். பணக்காரர், ஏழை, பெரிய வீடு, சின்ன வீடு எல்லாம் இரண்டிலும் கலந்து கிடந்தன. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனம், தாங்கள் தேர்ந்தெடுக்காமலே, பலர் தெரியாமலே, இரண்டாகப் பிரிந்திருந்தார்கள்.

‘தெரியாமலே’ என்பது சும்மா சொன்னதில்லை. வாடகைக்கு இருந்தவர்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்றே தெரியாது. கட்டணம் கட்டியவர் வீட்டுக்காரர். ஸ்னோ ஒரு குப்பியில் தண்ணீரைப் பிடித்து சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். கடலேற்றம் எட்டும் இடத்துத் தண்ணீரில் உப்பு மிகுதி. நிறைய வெள்ளையாகத் திரிந்தால் அது சவுத்வார்க் தண்ணீர் என்று தெரிந்துவிடும். இப்படி வாசல் வாசலாகப் போய் எடுத்த கணக்கு: சவுத்வார்க் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, அந்தப் பக்கம் 37. கிருமி என்ன என்று யாருக்கும் விளங்காத காலத்தில் ஒப்பீடு மட்டுமே சொன்ன பதில் இது.

இதே வம்சத்தில் வந்ததுதான் பொருளியல்காரர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஆக்கவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில் முன்னும் பின்னும் ஆள் கணக்கெடுத்தார்கள். கூலி ஏறிய பக்கம் வேலை குறையவில்லை. பொருளியல்காரர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் கணக்கில் ஸ்னோவின் ஜோடி இதைவிடக் கெட்டி. அடுத்த வீடும் அடுத்த மாநிலமும் ஒரே மாதிரிப் பக்கத்தில் இல்லையே.

ஆய்வாளரே எடுத்த ஜோடி

புரட்சி, பஞ்சம், அரசு உருவாதல் போன்றவை உலகத்திலேயே நாலைந்து தடவைதான் நடக்கும். அங்கே ஆய்வாளரே உட்கார்ந்து பொறுக்க வேண்டியதுதான். வரலாற்றுச் சமூகவியல்காரர் தீடா ஸ்காக்போல் 1979-இல் பிரான்ஸ், ரஷ்யா, சீனாவை எடுத்து, வெளியிலிருந்து வந்த நெருக்கடியில் அரசு நிலைகுலைந்ததும் குடியானவர் எழுச்சியும் சேர்ந்தால்தான் சமூகப் புரட்சி என்றார். படிக்கப் படிக்க மனதில் ஒட்டும் வாதம். 1990-இல் அரசியல் அறிவியல்காரர் பார்பரா கெடஸ் கேட்டது, நான் அக்கா மகளிடம் கேட்டதேதான்: ஏன் இந்த ஊர்கள்? புரட்சி நடந்த இடங்களைத் தேடிப் பிடித்து அவற்றில் பொதுவாக இருப்பதை எடுத்தால், அதே பொதுவானது புரட்சி வராத இடங்களிலும் இருந்ததா என்பது தெரியாது. லத்தீன் அமெரிக்காவில் போரில் தோற்றும் புரட்சி காணாத நாடுகளை அவர் காட்டினார். ஸ்காக்போலும் எதிர்நிலைக்குச் சில நாடுகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பொறுக்கிய கை ஒன்றே. இந்த வழியில் கிடைப்பதை நல்ல யூகம் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் போகமாட்டேன்.

ஒத்திருந்தால் போதுமா?

மொழியியல்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அங்கே ஒற்றுமையைப் பார்த்தாலே சந்தேகப்படுகிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர். ஆங்கிலத்தோடு சொட்டு உறவு கிடையாது. ஆர்மீனியத்தில் இரண்டுக்கு ‘எர்கு’. ஆங்கில ‘டூ’, சமஸ்கிருத ‘த்வி’ இரண்டோடும் ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை. ஆனால் மூன்றும் உடன்பிறப்புகள். காது நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் ஒற்றுமையை விட்டுவிட்டு ஒழுங்கைத் தேடுகிறார்கள்.

பால், பல், பத்து, புலி, பாம்பு, பன்றி, பூ. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி, ஹாவு, ஹந்தி, ஹூவு. பெங்களூரில் ஒரு வாரம் இருந்தால் யாருக்கும் பிடிபடும்: நம் ப அங்கே ஹ. தெலுங்கில் பாலு, புலி, பாமு, பந்தி என்று ப அப்படியே நிற்கிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளிலும் ப இருக்கிறது. ஆக மாறியது கன்னடம். 1816-இல் மதராஸில் அதிகாரியாக இருந்த எல்லிஸும், 1856-இல் கால்டுவெல்லும் இந்த மொழிகளை ஒரு குடும்பமாகக் காட்டியது, நாலு சொல் ஒரே மாதிரி இருக்கிறது என்ற வியப்பை வைத்து இல்லை. கட்டமைப்பு, இலக்கணம், வேர்கள் எல்லாம் வரிசையாகப் பொருந்தியதை வைத்து.

இன்னொரு அழகு பாருங்கள். புத்தகம் கன்னடத்தில் ‘புஸ்தக’. ‘ஹுஸ்தக’ ஆகவில்லை. பாடம், பூஜை எல்லாமும் ப-வோடுதான் நிற்கின்றன. அவை சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொற்கள். பிறந்ததிலிருந்து வீட்டில் இருப்பது எது, கடன் வாங்கியது எது என்பதை அந்த ஒலிமாற்றமே சல்லடை போலப் பிரித்துக் கொடுக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தமிழ்–கொரியப் பட்டியலில் இந்தச் சல்லடை இருக்காது. அம்மா, அப்பா இரண்டும் அங்கேயும் உண்டு என்று பூரிக்கிறோம். குழந்தை வாயில் முதலில் வரும் ம, ப, த ஒலிகளை உலகமே பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. அதற்காக அர்த்தம் ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை: ஜார்ஜிய மொழியில் அப்பாவுக்குப் பெயர் ‘மாமா’. இதைச் சொன்னபோதுதான் அக்கா மகள் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சாட்சி எத்தனை?

கடன் வாங்கியதா, கூடப் பிறந்ததா என்ற இந்தக் கேள்வி மற்ற துறைகளில் ரொம்பத் தாமதமாகத்தான் எழுந்தது. மானிடவியல்காரர் எட்வர்ட் டைலர் முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்களின் திருமண வழக்கங்களை அட்டவணை போட்டு ஒரு கட்டுரை வாசித்தார், 1889-இல் அச்சாயிற்று. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகும் வழக்கமும், மாமியார் மருமகன் முகம் பார்க்காமல் ஒதுங்கும் வழக்கமும் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணிக்கையால் காட்டினார். தலைமை வகித்த பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கேள்வி கேட்டார்: இவை தனித்தனிச் சமூகங்களா, இல்லை ஒரே வழக்கத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்ட நகல்களா? நகல்கள் என்றால் முந்நூறு சாட்சி இல்லை, இருபதோ முப்பதோதான். இன்றும் மானிடவியலில் இதற்குக் ‘கால்ட்டன் சிக்கல்’ என்றே பெயர்.

உயிரியலில் இதே அடி 1985-இல் விழுந்தது. பத்து வகை வாத்துக்குச் சவ்வுக் கால், பத்தும் நீந்துகின்றன என்று பத்து சான்றாக எண்ணாதீர்கள்; மூதாதைக்கு ஒரு தடவை வந்தது பத்துப் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது, அது ஒரு சான்று. உயிரினங்களின் வம்ச மரத்தை வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்த ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் வழி சொன்னார். கால்ட்டனுக்கும் அவருக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு வருடம். ஏட்டுச்சுவடி ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர்களைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்: ஒரே பிழை பத்துச் சுவடியில் இருந்தால் அவை பத்தும் ஒரே சுவடியைப் பார்த்து எழுதியவை.

அக்கா மகளை ஒன்றியத்து ஊர்ப் பட்டியல் முழுவதையும் வாங்கி, குழு நிலைத்த ஊர், கலைந்த ஊர் இரண்டிலும் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் போன் வந்தது. பட்டியல் கிடைக்கவில்லை, சும்மா இருப்பானேன் என்று டவுன் பஸ் ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

“மாமா, ஒரு சிக்கல். இந்தக் கலைஞ்சுபோன குழுவை ஆரம்பிச்சதே அப்பத்தா ஊர்ல இருந்து கட்டிக் குடுத்த அக்காதான். சந்தா நூறு ரூபாய், வெள்ளிக்கிழமை கூட்டம், நோட்டுல கோடு போட்டிருக்கிறது வரைக்கும் அங்க உள்ள மாதிரியே. இப்ப இது ரெண்டு குழுவா, ஒரே குழுவா?”

எண்ணிக்கைக்கு ஒன்றுதான் என்றேன். ஆனால் அதே விதி, அதே நோட்டு, அதே வெள்ளிக்கிழமை. ஓர் ஊரில் நின்றிருக்கிறது, இன்னோர் ஊரில் உடைந்திருக்கிறது என்றால், ஜோடியாக வைத்துப் பார்க்க இதைவிட நல்லது தேடினாலும் அமையாது என்றும் சொன்னேன். தமிழும் கன்னடமும் மாதிரி.

“அப்ப தலைமைப் பண்புன்னு எழுதினதை அடிச்சிடவா?”

“அந்த அக்காகிட்டப் பேசினியா?”

“வயல்ல இருக்காங்களாம். கடைசி பஸ் அஞ்சரைக்கு. பாக்குறேன் மாமா.”