பக்கத்து வீட்டுப் பூனையைத் தடவ சிலிகான் கையுறை தேவையா?

செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தாலும் இணையத்தில் தேடினாலும் பூனைப் பகுதியில் முதலில் கண்ணில் படுவது ஐந்து விரல் சிலிகான் கையுறைதான். உள்ளங்கைப் பக்கம் முழுக்க மழுங்கிய சிறு முட்கள், புறங்கைப் பக்கம் வலைத்துணி, மணிக்கட்டில் ஒரு வெல்க்ரோ பட்டை. விலை பெரும்பாலும் 150 முதல் 300 ரூபாய்க்குள். தடவும்போதே உதிர்முடி கையோடு வந்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். சொந்த வீட்டில் வளர்ந்து, கைக்குப் பழகிய பூனையிடம் அது உண்மையும்கூட. ஆனால் மதில்மேல் உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டுப் பூனையைத் தடவுவதற்கென்று இதை வாங்க நினைக்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். அதைவிடக் குறைந்த விலையில், முடிக்குள் இருக்கும் தெள்ளுப்பூச்சியை வாரி எடுக்கும் ஒரு தெள்ளுச் சீப்பு கிடைக்கும். பூனைக்கும் அதை வளர்ப்பவருக்கும் அதுதான் உதவும்.

கையுறையில் என்ன குறை? முதலில் வாடை. பழக்கமில்லாத பூனை நம்மை மோந்துபார்த்துத்தான் முடிவெடுக்கும். புதுக் கையுறையில் ரப்பர் வாடை தூக்கலாக இருக்கும். அதைப் போட்ட கையை நீட்டினால், பூனை மோப்பம் பிடிப்பது நம்மை அல்ல. இரண்டு மூன்று முறை சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் வாடை குறையும், முழுக்கப் போகாது.

இரண்டாவதுதான் முக்கியமான குறை. கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு எதுவும் தெரியாது. வெளியே திரியும் ஆண் பூனைகள் சண்டை போடும். கடிபட்ட இடத்தில் மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். கன்னத்திலும் முன்னங்காலிலும் வாலின் அடியிலும் இதை அதிகம் பார்க்கலாம். வெறுங்கையால் மெல்லத் தொட்டால் அந்த இடம் சூடாக, பொதபொதவென்று இருப்பது உடனே தெரிந்துவிடும். கையை எடுத்துவிடலாம், வீட்டுக்காரரிடமும் சொல்லலாம். கையுறையோடு அழுத்தித் தடவினால் முதலில் தெரியவருவது பூனையின் பல்தான். முதுகுத்தோல் துடிப்பதும் அப்படியே. தோல் அலைபோல் ஒரு துள்ளு துள்ளினால் ‘போதும், விடு’ என்று அர்த்தம். சிலிகானுக்கு அடியில் அது கைக்கு எட்டுவதே இல்லை.

கையுறை போட்டால் கீறலிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. புறங்கையில் இருப்பது வெறும் வலைத்துணி, மணிக்கட்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை. பூனை முன்னங்காலால் கையைக் கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் உதைக்கும்போது நகம் இறங்குவது அந்த இடத்தில்தான்.

படர்தாமரையையும் மறந்துவிடக் கூடாது. பூனையிடமிருந்து மனிதருக்கும் இன்னொரு பூனைக்கும் தொற்றும் பூஞ்சை அது. முகத்திலோ காதிலோ முடி கொட்டி வட்டமாகச் செதில் படிந்திருந்தால் சந்தேகப்படலாம். அந்தப் பூஞ்சைத் துகள் முடியில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரே கையுறையால் தெருவில் நான்கு வீட்டுப் பூனைகளைத் தடவுவது அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. வெறுங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். முட்களுக்கு நடுவே சிக்கிய முடியை யாரும் முழுசாக எடுப்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை ஒரே பூனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெறுங்கையால் தடவி, பூனை தானாக உடம்பைச் சாய்த்த பிறகுதான் மாட்டவேண்டும். முடி போகும் திசையில், கழுத்திலிருந்து நடுமுதுகுவரை ஐந்தாறு இழுப்பு போதும். குட்டைமுடி நாட்டுப் பூனையிடம் உதிர்முடி உள்ளங்கையில் பாய்போலப் படிந்து, ஒரே இழுப்பில் உரிந்து வரும். பெர்ஷியன் மாதிரி நீளமுடிப் பூனைக்கு இது உதவாது. மேல்முடியை மட்டும் நீவிவிட்டு, அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் இருக்கும் சடையை அப்படியே விட்டுவிடும். வெளியிலிருந்து பார்க்க பளபளப்பாக இருப்பதால் சடை இறுகுவதை வீட்டுக்காரரும் கவனிக்க மாட்டார்.

கையுறை இல்லாமல் எப்படித் தொடுவது? நேராக நடந்து போய்க் குனியக் கூடாது. ஓரிரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். ஒரு விரலைப் பூனையின் மூக்கு உயரத்தில் நீட்டிவிட்டு அசையாமல் இருங்கள். அது வந்து மோந்துபார்த்துக் கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்துவிட்டது. மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்றைக்கு இல்லை. கன்னம், தாடைக்கு அடி, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி அடர்த்தி குறைந்த இடம் ஆகிய மூன்றும் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வயிறும் வால் தொடங்கும் இடமும் வேண்டாம். மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி தலையால் முட்டினால் தொடருங்கள். வால் நுனி சுண்டுவது, காது பக்கவாட்டில் மடங்குவது, தலை சட்டென்று கையை நோக்கித் திரும்புவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடவேண்டும். வலியில் இருக்கும் பூனையும் ‘குர்ர்’ என்று சத்தம் எழுப்பும், அதனால் அந்தச் சத்தத்தை மட்டும் நம்பித் தொடரக் கூடாது.

இது வெறும் கைப்பழக்கச் சமாச்சாரம் இல்லை. நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டனில் உள்ள பேட்டர்சீ நாய், பூனைக் காப்பகத்தில் ஒரு சோதனை நடத்தி 2021-இல் வெளியிட்டார்கள். விருப்பத்தைப் பூனையிடமே விடுவது, அதன் உடல்மொழியைக் கவனிப்பது, தொடும் இடத்தைப் பார்த்துத் தொடுவது என்ற மூன்றையும் சில நிமிடங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு, அதே மனிதர்களிடம் பூனைகள் கூடுதல் நெருக்கமாக நடந்துகொண்டன, கடிக்கவும் அறையவும் முயன்றது குறைந்தது. எந்தப் பொருளும் வாங்காமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

அடுத்தது நக்கித் தின்னும் குழாய்த் தீனி. சுரு பிராண்டு என்றால் ஒரு குழாய் 14 கிராம், மீ-ஓ க்ரீமி 15 கிராம், ஷீபா மெல்ட்டி 12 கிராம். பெரும்பாலும் நான்கு குழாய் கொண்ட பையாக விற்பார்கள். பூனைகளுக்கு இதன்மேல் இருக்கும் ஆசையைச் சொல்லவே வேண்டாம், பயந்த பூனையும் பத்து நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடும். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கலோரியும் குறைவு. பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பூனை என்று வரும்போது கேட்காமல் கொடுக்கக் கூடாது.

சிறுநீர் அடைப்பு வந்து மீண்ட ஆண் பூனைக்கு மருத்துவர் தனித் தீனி எழுதியிருப்பார். சிறுநீரகம் கெட்ட வயதான பூனைக்கும் அப்படித்தான். கோழியோ மீனோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் சொறிந்துகொள்ளும் பூனைக்கு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க எட்டு வாரம்வரை ஒரே தீனி கொடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு குழாய் கொடுத்தாலும் அத்தனை வாரமும் வீண். இதைவிட ஆபத்தானது அறுவை சிகிச்சை நாள். கருத்தடைக்குக் கொண்டுபோகும் பூனையைப் பட்டினி போட்டு வைத்திருப்பார்கள். காலையில் மதிலுக்கு இந்தப் பக்கம் யாரோ தீனி கொடுத்துவிட்டால், மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகலாம். “அக்கா, உங்க பூனைக்கு இந்தத் தீனி கொடுக்கலாமா? வேற ஏதாவது ஒத்துக்காம இருக்கா?” என்று ஒரே ஒருமுறை கேட்டு வைத்தால் போதும். நம் ஊர் வழக்கப்படி பால் ஊற்றுவதையும் விட்டுவிடலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

அனுமதி கிடைத்தால் எப்படிக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். குழாயை வாயருகே பிடித்தால் ஆசையில் பிளாஸ்டிக் நுனியையும் கடித்து விழுங்கப் பார்க்கும். விரலில் தடவி நக்கவிடவும் வேண்டாம். ஒரு பழைய மூடியிலோ கரண்டியிலோ பிதுக்கித் தரையில் வையுங்கள். திறந்த குழாயைப் பாதியில் மடித்துப் பையில் போட்டால் நம் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். ஒரே தெருவில் நான்கைந்து பேர் ஆளுக்கொன்று கொடுப்பதும் நடக்கிறது. இன்று ஏற்கெனவே தின்றுவிட்டதா என்று பூனையிடம் கேட்க முடியாது, வீட்டுக்காரரிடம் கேட்கலாம்.

விரலில் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் ரேபிஸ். பூனைக்கும் அது வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். காயம்பட்ட தோலைப் பூனை நக்குவது, ரத்தம் வரும் கீறல், கடி எல்லாம் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மூன்றாம் வகை, அதாவது மிகத் தீவிரமானது. ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாம் வகை, அதற்கும் தடுப்பூசி உண்டு. எதுவானாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. பிறகு தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், அங்கே ஊசி இலவசம். தசையில் போடும் முறையென்றால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்கள், தோலுக்குள் போடும் முறையென்றால் 0, 3, 7, 28 (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). மூன்றாம் வகைக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்பு மருந்து) சேரும். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று வீட்டுக்காரரிடம் விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். கையில் கடிபட்ட இடம் அடுத்த நாள் சிவந்து வீங்கினால் கிருமி உள்ளே போய்விட்டது, அதற்குத் தனி மருந்து வேண்டும்.

கழுவுவதைப் பற்றி இன்னொன்று. கைப்பையில் இருக்கும் ஆல்கஹால் சானிடைசரை நம்பி ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகாதீர்கள். குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும் பார்வோ வகை வைரஸ் அதற்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும் அதைக் கையிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

இனி தெள்ளுச் சீப்பு. பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய பொருள் இதுதான். ஒற்றை வரிசையில் நெருக்கமான எஃகுப் பற்கள், கையில் பிடிக்க ஒரு தண்டு, அவ்வளவுதான். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், பல் இடைவெளி ஒரே சீராக இருக்கவேண்டும். ஒரு இடத்தில் அகன்றிருந்தால் தெள்ளு அந்த வழியாகத் தப்பிவிடும். பற்களின் நுனியை மணிக்கட்டின் உட்பக்கத்தில் இழுத்துப் பார்த்தால் கீறக் கூடாது. கட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்தும்போது பல் ஆடினால் வேண்டாம், நாலு வாரத்தில் கழன்று விழும். வீட்டில் இருக்கும் இருபக்கப் பிளாஸ்டிக் பேன் சீப்பு பூனைக்குச் சரிவராது. பற்கள் குட்டையாக இருப்பதால் முடி அடியில் சிக்கி இழுபடும்.

பூனை நன்றாகப் பழகிய பிறகு, காதுக்குப் பின்னிருந்து பிடரிவரை முடி போகும் திசையில் மூன்று நான்கு முறை இழுங்கள். சீப்பைச் சாய்வாகப் பிடித்தால் தோலில் குத்தாது. வருவதை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மிளகுத்தூள் அளவில் இருக்கும் கறுப்புத் துகள் ஈரத்தில் கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம். வெறும் மண்ணென்றால் நிறம் மாறாது. உயிருள்ள தெள்ளு அகப்பட்டால் விரலால் நசுக்கப் பார்க்காமல் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் சீப்பை முக்குங்கள். வெறும் தண்ணீரில் அது மிதந்து தாவிவிடும். வேலை முடிந்ததும் சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 32 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசிவிட்டால்தான் அடுத்த பூனையிடம் கொண்டுபோகலாம்.

தெள்ளு தெரிந்தால் தாளோடு போய் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். நீங்களே மருந்து போடாதீர்கள். நாய்க்கு விற்கும் சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, நடுக்கமும் வலிப்பும் வந்து செத்தும் போகலாம். குட்டிகளின் ஈறு வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், தெள்ளு குடித்தே ரத்தம் குறைந்திருக்கும். ஆசனவாயைச் சுற்றி அரிசிபோல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவது, இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கவேண்டும்.

சரி, யார் வீட்டுப் பூனை என்றே தெரியாவிட்டால்? கழுத்துப்பட்டை வாங்கி மாட்டிவிடத் தோன்றும். இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ள பட்டையைத் தவிர வேறெதையும் பூனைக்குப் போடக் கூடாது. கிளையில் மாட்டினால் தொங்கிவிடும். எலாஸ்டிக் பட்டை இன்னும் மோசம், முன்னங்கால் உள்ளே நுழைந்து அக்குளை அறுத்துவிடும். தானே கழலும் என்று அட்டையில் போட்டு விற்பவற்றிலும் பல கழலாது. மாட்டும் முன் இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், லேசான சுண்டலில் விட்டுக்கொடுக்கவேண்டும்.

ஆனால் ஆளைக் கண்டுபிடிக்கப் பட்டையே தேவையில்லை. சாதாரணத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். ‘இந்தப் பூனை உங்களுடையதா? கருத்தடை ஆகிவிட்டதா? இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்’ என்று பேனாவால் எழுதி, இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகச் சுற்றி, முடியில் படாமல் துளி டேப்பால் ஒட்டுங்கள். எங்கே மாட்டினாலும் கிழிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. டேப்பைச் சுற்றிலும் ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஏற்கெனவே ஆகிவிட்டது, அந்தக் கேள்வியை எழுதத் தேவையில்லை. மழை நாளில் மை கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு துண்டு கட்டிப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். சிப்பும் இல்லை, காதும் வெட்டவில்லை என்றால் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அங்கேயே நாள் கேட்டுவிட்டு வாருங்கள்.