கோளத் தரவைச் சுழற்ற சைப்பை ரொட்டேஷன்: கை கொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

அகலாங்கு, நெட்டாங்கில் இருக்கும் தரவைச் சுழற்ற பைதனில் வேறெதையும் தேடி அலைய வேண்டாம். சைப்பை என்ற அறிவியல் கணிப்பு நூலகத்தின் ரொட்டேஷன் வகுப்பு போதும். 1.2 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. பத்து இலட்சம் புள்ளிகள் என்றாலும் ஒரே அழைப்புதான், லூப் தேவையில்லை. ஆனால் பாகையில் இடத்தைச் சொன்னால் அதற்கு விளங்காது, எக்ஸ்-வை-இசட் காவிதான், அதாவது கோளத்தின் மையத்திலிருந்து மூன்று அச்சுகளிலும் அளந்த மூன்று எண்கள்தான் கேட்கும். போக வர மாற்றும் வேலை உங்கள் தலையில். மிகப் பெரிய குறை இதுதான்.

யாழ்ப்பாணத்தை, அதாவது வடக்கு 9.67, கிழக்கு 80.01 பாகையை, வட முனைக்கு ஏற்றிப் பாருங்கள். முதலில் இசட் அச்சில் −80.01, பிறகு வை அச்சில் −80.33, இரண்டாவது, 90இலிருந்து 9.67ஐக் கழித்தது. சரியாகச் சுழன்றால் கொழும்பின் புது அகலாங்கு ஏறக்குறைய 87.26. முனையிலிருந்து 2.74 பாகை, ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர் வைத்தால் 305 கிலோமீற்றர் வான்தூரம். விடை பொருந்தினால் குறிகள் சரி.

பொருந்தாவிட்டால் முதலில் எழுத்தைப் பாருங்கள். அச்சுப் பெயரை சிம்பிள் எழுத்தில் கொடுத்தால் நிலையான அச்சுகள். கப்பிட்டலில் கொடுத்தால் பொருளோடு சேர்ந்து சுழலும் அச்சுகள். மேலே சொன்ன அதே கோணங்களைக் கப்பிட்டலில் கொடுத்தால் யாழ்ப்பாணம் முனைக்குப் போகாது, அகலாங்கு 11.35, நெட்டாங்கு 18 பக்கம் போய் நிற்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எழுத்தின் அளவில் ஒளித்து வைத்தது நல்ல வடிவமைப்பு அல்ல. நாம் சொல்லாவிட்டால் கோணத்தைப் பாகையாக அல்ல, ஆரையனாகவே எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். பாகை என்று சொல்லும் ‘டிகிரீஸ்’ தெரிவை ‘ட்ரூ’ ஆக்க மறந்தாலும் சத்தமில்லாமல் பிழை விடைதான்.

திரும்பிவரும்போது அகலாங்குக்கு நேர்மாறு சைன் வேண்டாம். தசமப் பிழையால் இசட் 1ஐ ஒரு துளி தாண்டினாலும் ‘நான்’ (NaN), அதாவது ‘எண் அல்ல’ என்ற பெறுமதி வரும். இசட்டையும், எக்ஸ்-வையின் கர்ண நீளத்தையும் இரு நீளங்களிலிருந்து கோணம் தரும் ஆர்க்டான்2இல் போடுங்கள். முனையில் வரும் நெட்டாங்குக்கு அர்த்தமில்லை, விட்டுவிடுங்கள்.

கட்டமிட்ட வெப்பநிலைத் தரவை நேரே சுழற்றினால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். புதுக் கட்டத்தின் புள்ளிகளை நேர்மாறாகச் சுழற்றி, பழைய கட்டத்தில் அவை விழும் இடத்தில் இடைச்செருகுவதே, அதாவது சுற்றியுள்ள பெறுமதிகளிலிருந்து கணிப்பதே வழி. காற்று என்றால் இன்னொரு வேலையும் உண்டு: இடத்தைச் சுழற்றினால் மட்டும் போதாது, கிழக்கு-வடக்குக் கூறுகளையும் எக்ஸ்-வை-இசட் ஆக்கி அதே சுழற்சியைக் கொடுக்க வேண்டும்.

தட்டையான முனைவாள்கூறுக்கு, அதாவது தூரமும் கோணமும் கொண்டு இடத்தைச் சொல்லும் முறைக்கு, இது தேவையே இல்லை. சுழற்ற வேண்டிய பாகையைக் கோணத்தோடு கூட்டி 360ஆல் மீதி எடுத்தால் சரி. காற்றுத் திசை வரைபடத்தில் அதுவும் வேண்டாம். வரைபடம் வரையும் மற்பிளொட்லிப் நூலகத்தில் சுழியத்தை வடக்கில் வைத்து, திசையை −1 ஆக்கினால் மணிக்கூட்டுப் போக்கில் சுற்றும்.