ஜங்ஷன் பாக்ஸா, பழைய சாக்கெட்டா, தனி லைனா: வீட்டில் மின்வண்டிக்கு எதில் சார்ஜ் போடலாம்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு மாடியில், வண்டி நிற்பது கீழே. முதல் மூன்று மாதம் ஜன்னல் வழியாக ஜங்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டுத்தான் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டோம். ஒருநாள் காலையில் பிளக்கைப் பிடுங்கினால் பின் சுட்டது, பாக்ஸின் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. ஸ்கூட்டர் இழுப்பது நாலு ஆம்பியர்தானே என்று தோன்றும். ஆனால் மிக்ஸி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், இது நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும், பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். காருக்கு 15 ஆம்பியர். கரண்ட் நாலு மடங்கானால் சூடு பதினாறு மடங்கு! ஜங்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

வாஷிங் மெஷின் போடும் 16 ஆம்பியர் சாக்கெட் பரவாயில்லை, பிளக் இறுக்கமாக உட்கார்ந்தால் ஸ்கூட்டருக்குப் போதும். காருக்குச் சரிவராது. கீசரும் அதே லைனில் இருந்தால் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழும், உடனே பெரிய எம்சிபி மாட்டிவிடுவார்கள். அது ஆபத்து, சுவருக்குள் வயர் கருகினாலும் எம்சிபி விழாது.

நான் சொல்வது தனி லைன்தான். வீட்டு எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து 4 சதுர மி.மீ. தாமிர வயர், அதற்கென்று எம்சிபி, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). எம்சிபி வயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்சிசிபி. காருக்கு 'ஏ' டைப் கேட்டு வாங்குங்கள், சார்ஜரிலிருந்து கசியும் டிசி கலந்த கரண்ட்டில் சாதாரண 'ஏசி' டைப் விழாமல் போகலாம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர்? 32 ஆம்பியர், இன்னும் தடித்த வயர், மின்துறையில் லோடு கூட்ட மனு வேறு. தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு 15 ஆம்பியரில் கிடைக்கும் 3.3 கிலோவாட்டே ராத்திரி எட்டு மணி நேரத்தில் 26 யூனிட் ஏற்றிவிடும், கடலூர் போய்வர அதில் பாதிகூட ஆகாது.

எதைப் போட்டாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள். எங்கள் எர்த் குழியைத் திறந்தபோது கிளாம்ப் முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. உப்புக்காற்று அப்படி. எர்த் சரியாக இருந்தால் வண்டியின் பாடியில் கசிவு வந்ததுமே ஆர்சிசிபி விழும், இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அப்புறம், சாக்கெட்டை இடுப்புக்கு மேலே வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர்.