மூன்று பெட்டிகளை நடுவில் வைத்துத் திட்டமிட்ட ஐந்து நாள் விடுமுறை: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் தொடங்கி ஓரிகன் மாநிலத்தின் எஸ்டகாடா வரை, காரில் ஒரே நாளில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் மூன்று ஜியோகேச்சுகள், அதாவது ஜிபிஎஸ் துணையுடன் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காக வைக்கப்பட்ட பெட்டிகள், இருக்கின்றன. ஜியோகேச்சர்கள் இவற்றைச் சேர்த்து ‘டிரையாட்’ என்பார்கள். சியாட்டிலின் ஃப்ரீமாண்ட் பகுதியில் உள்ள ஜியோகேச்சிங் தலைமையகப் பெட்டி ஒன்று. ஸ்னோகுவால்மி கணவாயருகே பழைய ரயில் சுரங்கத்தை அடுத்திருக்கும் ‘டனல் ஆஃப் லைட்’ இரண்டாவது. உலகின் முதல் பெட்டி வைக்கப்பட்ட இடத்தில் நிற்கும் நினைவுத் தகடு மூன்றாவது. சான் ஹோசேயில் வசிக்கும் நானும் என் மனைவியும் ஒன்பது வயது மகளும் கடந்த கோடை விடுமுறையை முழுக்க முழுக்க இந்த மூன்றையும் மையமாக வைத்தே திட்டமிட்டோம். அந்தப் பயணம் போகத் தகுந்ததா, அதைத் திட்டமிட நாங்கள் சந்தா கட்டிய ஜியோகேச்சிங் தளத்தின் பிரீமியம் சேவை கொடுத்த பணத்துக்குப் பயன்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சிறு ஏட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழை 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் காட்டோரத்தில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் எண்களை இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். எல்லாம் தொடங்கியது அங்கிருந்துதான்.

திட்டமிடலைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனெனில் இத்தகைய விடுமுறையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வீட்டு மேசையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தின் பிரீமியம் உறுப்பினர்களுக்கு ‘பாக்கெட் குவெரி’ என்றொரு வசதி உண்டு. நமக்கு வேண்டிய நிபந்தனைகளைக் கொடுத்தால் ஒரே முறையில் ஆயிரம் கேச்சுகள் வரை ஒரு கோப்பாகத் தொகுத்துத் தந்துவிடும்; நாம் ஓட்டிச் செல்லவிருக்கும் சாலையை வரைந்து காட்டினால், அந்தச் சாலையை ஒட்டியுள்ளவற்றை மட்டும் பிரித்தெடுக்கவும் முடியும். சியாட்டிலிலிருந்து போர்ட்லண்ட் வரையிலான ஐந்தாம் எண் நெடுஞ்சாலையை இப்படி வரைந்தபோது, முதலில் வந்து கொட்டிய பட்டியலைப் பார்த்து மலைத்துப் போனேன். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடப்படும் கடினத்தன்மை (கண்டுபிடிப்பதன் சிரமம்), நிலத்தன்மை (அங்கே போய்ச் சேர்வதன் சிரமம்) இரண்டையும் மூன்றுக்குக் கீழே வைத்து, குழந்தைகளுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி ஒரு மாதத்தில் யாரும் கண்டுபிடிக்காதவற்றை நீக்கிய பிறகு, கையாளக்கூடிய நாற்பது சொச்சம் எஞ்சின. இதை இலவசக் கணக்கில் செய்ய முடியாது. இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அதிகாரப்பூர்வச் செயலி எளிய கேச்சுகளை மட்டுமே திறந்து காட்டுகிறது. பிரீமியம் உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை கண்ணிலேயே படாது.

ஆயினும் அந்த வடிகட்டிகளைக் காட்டிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது விருப்பப் புள்ளிதான். பத்து கேச்சுகளைக் கண்டுபிடித்த பிரீமியம் உறுப்பினருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் கிடைக்கும் இதை, அவர் தமக்கு மிகவும் பிடித்த கேச்சுக்கு வழங்கலாம். பத்துக்கு ஒன்றுதான் என்பதால் யாரும் அதை வீணாக்குவதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: புள்ளிகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஊர் தேர்வு செய்யாதீர்கள். சுற்றுலாப் பயணிகள் திரளும் நகர நடுவில் பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு சாதாரணப் பெட்டிக்கு, கூட்டத்தின் காரணமாகவே நூற்றுக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்திருக்கும். கண்டுபிடித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் புள்ளி கொடுத்தார்கள் என்பதே பார்க்க வேண்டிய கணக்கு. அதற்கு மேல், அண்மையில் வந்தவர்கள் எழுதிய பதிவுகளைப் படித்தாக வேண்டும். ‘கண்டுபிடித்தேன், நன்றி’ என்ற ஒற்றை வரிகளாகவே நிறைந்திருந்தால் நான் அந்த இடத்துக்கு வண்டியைத் திருப்புவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் பத்தி பத்தியாக எழுதியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். நெடுஞ்சாலையோரம் 161 மீட்டருக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான குப்பிகளை வரிசையாக வைத்திருக்கும் ‘பவர் டிரெயில்’களுக்காக விடுமுறை எடுப்பவர்களும் இருக்கிறார்கள், எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான், ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றில் முதலாவதாகத் தலைமையகம் சென்றோம். முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். வருகை நேரத்தை இணையத்தில் உறுதி செய்துகொள்ளாமல் விமானச் சீட்டு வாங்கிவிடாதீர்கள். உள்ளே புதையல் பெட்டகம் போன்ற ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் விட்டுச்சென்ற, பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பயணிக்கும் எண் பொறித்த பொருள்கள் அதில் குவிந்து கிடக்கின்றன. என் மகள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அன்பான வரவேற்பு, நல்ல நினைவுப் பொருள்கள், அரை மணி நேர மகிழ்ச்சி. ஆனால் தேடல் என்பதே இங்கே இல்லை. இது ஓர் அலுவலகம். இதற்காக மட்டும் சியாட்டிலுக்கு வருவது நியாயமாகாது. அருகிலேயே பாலத்துக்கு அடியில் அமர்ந்திருக்கும் ஃப்ரீமாண்ட் பூதச் சிலையையும் பார்த்துவிட்டு, அந்தப் பகுதிக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவதாகிய ‘டனல் ஆஃப் லைட்’ பற்றி எழுதத்தான் இந்த மதிப்புரையையே தொடங்கினேன். 2001-இல் ஒரு ஹாலிவுட் திரைப்படத்தின் விளம்பரத்துக்காக உலகின் பல இடங்களில் வைக்கப்பட்ட ‘புராஜெக்ட் ஏ.பி.இ.’ பெட்டிகளுள் இதுவும் ஒன்று. அந்த வரிசையில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. இதுவும் 2011-இல் காணாமல் போய், 2016-இல் மறுபடியும் உயிர் பெற்றது. சியாட்டிலிலிருந்து 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டி, ஹயக் என்னும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கே நிறுத்துவதற்கு மாநிலப் பூங்காக்களுக்குரிய ‘டிஸ்கவர் பாஸ்’ வேண்டும். மில்வாக்கி ரோடு ரயில் நிறுவனம் 1914-இல் குடைந்து முடித்த ஸ்னோகுவால்மி சுரங்கம் அங்கிருந்து தொடங்குகிறது. நீளம் சுமார் 3.6 கிலோமீட்டர். தண்டவாளம் அகற்றப்பட்டு, இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் உரிய பாதையாகிவிட்டது. குளிர்காலத்தில் அதன் கதவுகளை மூடிவிடுகிறார்கள்.

உள்ளே விளக்கே கிடையாது. வெளியே சட்டை நனையும் ஜூலை வெயில். வாயிலைத் தாண்டி ஐம்பது அடி போவதற்குள் குளிர்ச்சாதன அறைக்குள் நுழைந்தது போல் உடல் சிலிர்த்தது. கம்பளிச் சட்டைகளை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால், நான் திரும்பி ஓடிப்போய் எடுத்துவர வேண்டியதாயிற்று. சுரங்கம் ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால், மறுமுனை நுழைந்த சற்று நேரத்திலேயே ஒரு வெண்புள்ளியாகத் தெரியத் தொடங்குகிறது. கடுகளவு இருந்த அந்தப் புள்ளி, அரை மணி நேரம் நடந்த பிறகும் கடுகளவாகவே இருந்தது. தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் எங்கள் மூச்சு புகையாகப் பறந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசை எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியவில்லை. எதிரே வந்த மிதிவண்டிகளின் விளக்குகள் வெகுநேரம் அசையாமல் நிற்பவை போலத் தோன்றி, திடீரென்று பக்கத்தில் கடந்து போயின. முதலில் என் கையை இறுகப் பற்றியிருந்த மகள், பாதி வழியில் கையை விட்டுவிட்டு, விளக்கை அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். மூவரும் அணைத்துவிட்டு நின்றோம். கண்ணுக்கு நேரே வைத்த விரல்கூடத் தெரியாத அப்படிப்பட்ட இருட்டை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. எங்கள் கிராமத்தில் மின்சாரம் நின்ற அமாவாசை இரவுகளில்கூட நான் கண்டதில்லை.

மேற்கு வாயில் வழியே மலைச்சரிவின் பச்சைக்குள் வெளியேறியபோது சில நொடிகள் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. பெட்டி அங்கிருந்து எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல மாட்டேன்; சொல்லிவிட்டால் தேடும் சுகம் போய்விடும். இருபது நிமிடத் தேடலுக்குப் பிறகு கண்டுபிடித்தவள் என் மகள்தான் என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன். திரும்பி வரும் நடையையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு, மாற்று மின்கலம், கம்பளிச் சட்டை ஆகியவை கட்டாயம். கைப்பேசி வெளிச்சத்தை நம்பிச் செல்லக் கூடாது. மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள்.

சியாட்டிலுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையிலான நெடுவழியை வெறும் ஓட்டமாக விட்டுவிடாமல், செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலைப் பக்கம் ஒரு நாள் திருப்பினோம். இங்கே பயன்பட்டது ‘எர்த்கேச்’ வகை. இதில் பெட்டி இருக்காது. குறிப்பிட்ட இடத்தில் நின்று நிலவியல் சார்ந்த கேள்விகளுக்குப் பார்த்து அறிந்து பதில் எழுதி அனுப்ப வேண்டும். பெட்டி வைக்க அனுமதி கிடைப்பது அரிதான தேசியப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் இந்த வகையைத் தனியாக வடிகட்டி எடுத்துக்கொள்வது நல்லது. 1980 மே 18 அன்று வெடித்தபோது 2,950 மீட்டர் உயர மலை 2,549 மீட்டராகக் குறைந்ததென்று படித்திருந்தேன். சரிந்து வந்து குவிந்த மேடுகளின் நடுவே நின்று, இந்தக் கல் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்கு மகளோடு சேர்ந்து பதில் தேடியபோதுதான் அந்த நானூறு மீட்டர் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

மூன்றாவது இடமாகிய நினைவுத் தகடு, போர்ட்லண்டிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில், கிராமத்துச் சாலையோரம் இருக்கிறது. அங்கே எங்கள் கைப்பேசிகளில் அலைவரிசை அறவே கிடைக்கவில்லை. முந்தைய இரவே பட்டியலையும் வரைபடத்தையும் இணையமின்றிப் பயன்படுத்தப் பதிவிறக்கி வைத்திருந்ததால் தப்பித்தோம். பிரீமியம் சேவையின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது அங்கேதான். பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை: பாசி படர்ந்த மரங்கள், பெரணிச் செடிகள், தகடு, பெட்டி. உல்மர் தம் வாளியில் புத்தகங்கள், வீடியோ நாடாக்கள், கவண், பீன்ஸ் டின் போன்றவற்றைப் போட்டு, எடுப்பவர்கள் பதிலுக்கு ஏதாவது வைத்துவிட்டு ஏட்டில் எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த ஒரே விதி இன்றளவும் மாறவில்லை. ஈரத்தில் நைந்த ஏட்டில் என் பேனா எழுதவில்லை. அப்போது அங்கே வந்திருந்த முதிய தம்பதியர் ஒரு பென்சிலைக் கொடுத்து, ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். இவ்விளையாட்டில் தோய்ந்தவர்களுக்கு இந்த இடம் கோயில் போன்றது. புதிதாக வருபவர்களுக்குச் சாலையோரத் தகடாகத்தான் தெரியும். ஆகவே நாலைந்து மாதமாவது விளையாடிவிட்டு வருவது நல்லது.

சந்தாவைப் பொறுத்தவரை, உள்ளூரில் மாதம் ஒருமுறை பூங்காவில் தேடுபவர்களுக்கு அது தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ‘சி:ஜியோ’ என்ற இலவசத் திறமூலச் செயலி அவர்களுக்குப் போதும். வெளியூர்ப் பயணத்தை இதைச் சுற்றியே அமைப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும், அதிலும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கிப் பட்டியலைச் செதுக்கத் தொடங்க வேண்டும். நாங்கள் ஒரு நாளைக்கு எட்டு கேச்சுகள் என்று வகுத்திருந்தது அதிகம்; மூன்றாம் நாளிலிருந்து நான்காகக் குறைத்தோம். சுரங்கத்துக்கு வார நாளில் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். நாங்கள் திரும்பி வந்தபோது ஹயக்கில் வண்டி நிறுத்த ஓர் இடம்கூடக் காலியில்லை.