ஐந்நூறு ரூபாய் மெட்ரோ கார்டில் ஏறவில்லை என்று போன் போட்டேன், முப்பத்தெட்டாயிரம் போனது

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: ரூ.38,400. மூன்று தவணையாக, பதினொரு நிமிடத்தில் போனது. நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை, பின் நம்பரும் சொல்லவில்லை. அப்படியும் போனது. "நாமதான் ஓடிபி சொல்ல மாட்டோமே" என்று தைரியமாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் அந்த ரகம்தான். கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்ப்பவன். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இந்த விஷயத்தில் புத்தி சொல்லும் ஆளே நான்தான்.

வீடு திருவொற்றியூர், அலுவலகம் வேளச்சேரி. கிண்டி வரை மெட்ரோ, அங்கிருந்து மாநகரப் பேருந்து. மெட்ரோவின் பழைய பயண அட்டையை ரொம்ப நாளாக வைத்திருந்தேன். அதற்கு ரீசார்ஜ் செய்வதை 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். மிச்சம் இருக்கும் பணத்தைத் தீர்த்துவிட்டுச் சிங்காரச் சென்னை அட்டைக்கு மாற வேண்டும். நானும் மாறினேன். டிக்கெட்டில் 20 சதவீதத் தள்ளுபடி இதிலும் உண்டு. பேருந்திலும் அதே அட்டை செல்லும். கண்டக்டரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சிங்காரச் சென்னை அட்டை, நாடு முழுக்க ஒரே அட்டை என்ற திட்டத்தில் வந்தது. அந்தத் திட்டத்தை மத்திய அரசு 2019 மார்ச்சில் தொடங்கியது. சென்னை மெட்ரோவுக்கு அது 2023 ஏப்ரலில் வந்தது, மாநகரப் பேருந்துக்கு 2025 ஜனவரியில். பழைய மெட்ரோ அட்டைக்கு ரீசார்ஜ் நின்றது அதே ஆண்டு ஆகஸ்டில். படிப்படியாகக் கொண்டுவருவதில் தப்பில்லை, இவ்வளவு பெரிய ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரே நாளில் எல்லாருக்கும் மாறியிருந்தால் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இப்படி ஆளுக்கு ஒரு மாதம், ஆளுக்கு ஒரு அட்டை என்று மாறும்போது அவரவர் குழப்பம் அவரவரோடு. தனியாகக் குழம்புகிறவன் தனியாக இணையத்தில் தேடுவான். திருடன் கடை போட்டிருப்பது அங்கேதான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வீட்டில் உட்கார்ந்து அட்டைக்கு 500 ரூபாய் ஆன்லைனில் ரீசார்ஜ் செய்தேன். கணக்கில் பணம் கழிந்துவிட்டது. திங்கள் காலை கேட்டில் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு. இன்னொரு முறை வைத்தேன், மறுபடியும் சிவப்பு. பின்னால் நின்ற காலேஜ் பையன் "அங்கிள், பக்கத்து கேட்ல போறேன்" என்று நகர்ந்தான். வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். கிண்டியில் பேருந்து ஏறினால் அங்கேயும் அதே கதை. கண்டக்டர் மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பன்னண்டு ரூபாதான் சார் காட்டுது. கேஷ் குடுத்துருங்க."

500 ரூபாய் எங்கே போனது? அன்று மதியம்வரை அது தொண்டையில் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே, போனில் அட்டையின் பெயரோடு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று போட்டுத் தேடினேன். மேலேயே ஒரு பத்து இலக்கக் கைபேசி எண் பெரிதாக வந்தது. கூப்பிட்டேன். என் முட்டாள்தனத்தின் முதல் படி அது. அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், உதவி எண் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. என் கண்ணாடி மேசை டிராயரில் இருந்தது.

எடுத்தவன் நல்ல தமிழில் பேசினான். "வணக்கம் சார், என்ன உதவி செய்யலாம்?" பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம். அட்டையின் கடைசி நான்கு எண்ணை மட்டும் கேட்டான். முழு எண் வேண்டாம் சார், யாருக்கும் கொடுக்காதீங்க என்று அவனே எனக்குப் புத்தி சொன்னான்! அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். "உங்க பணம் இருக்கு சார், 500 ரூபாய் பெண்டிங்ல நிக்குது. பழைய அட்டையில இருந்து மாறினவங்களுக்கு கேஒய்சி முடியலைன்னா இப்படி நிக்கும். இன்னைக்கு காலையில இருந்து நாப்பது பேர் கூப்பிட்டாங்க" என்றான். நான் பழைய அட்டையிலிருந்து மாறியவன் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது வியந்தேன். இப்போது யோசித்தால், இந்த ஊரில் மெட்ரோ ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். அவன் குத்துமதிப்பாக எறிந்த கல்.

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. "கார்டு அப்டேட்" என்று பெயர், கடைசியில் ஏபிகே, அதாவது தொட்டால் போனில் செயலியை ஏற்றும் கோப்பு. தொட்டதும் "தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி" என்று போன் எச்சரித்தது. "புது அட்டை சார், இன்னும் ஸ்டோருக்கு வரல, அடுத்த மாசம் வந்துரும்" என்றான். எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தானே வருகிறது, இதுவும் வரும் என்று என் மனமும் தலையாட்டியது. செயலி திறந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்க, அழிக்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். அப்புறம் ஒரு படிவம்: பெயர், பிறந்த தேதி, கைபேசி எண். கடைசியாகச் "சரிபார்ப்புக் கட்டணம் 5 ரூபாய்". அதைக் கட்ட வங்கி டெபிட் கார்டின் எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம். ஐந்து ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று அத்தனையையும் தட்டினேன். பயண அட்டையின் எண்ணைக் கொடுக்காதீர்கள் என்றவனிடம் வங்கிக் கார்டின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவே இல்லை.

"ரெண்டு மணி நேரத்துல ஏறிடும் சார். அதுவரை போனை ஆஃப் பண்ணிடாதீங்க." வைத்துவிட்டான். நான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

முதலில் 9,800. அப்புறம் 19,500. அப்புறம் 9,100. எனக்கு ஒரு ஓடிபிகூடக் கண்ணில் படவில்லை. வந்த குறுஞ்செய்திகளை அந்தச் செயலி அப்படியே அவனுக்குத் தள்ளிவிட்டு, என் போனிலிருந்து அழித்தும்விட்டது. மின்னஞ்சலில் வங்கி அனுப்பிய தகவலைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓடிபியை வாயால் சொன்னால்தான் ஆபத்து என்பதெல்லாம் பழைய பாடம். குறுஞ்செய்தி அனுமதி கொடுத்துவிட்டால் நாம் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

வங்கிக்குப் போன் போட்டு டெபிட் கார்டை முடக்கினேன். பக்கத்து மேசைத் தம்பி "அண்ணே, உடனே 1930-க்கு அடிங்க" என்றார். பணம் போய் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் இது. வங்கிப் பெயர், கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், நேரம், தொகை எல்லாம் கேட்டார்கள். இதைத் தேடிக்கொண்டே பேசினால் நேரம் போகும், கையில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். புகார் பதிவானதும் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகிறது, அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். என் விஷயத்தில் கடைசியாகப் போன 9,100 மட்டும் சிக்கியது. மற்ற இரண்டும் அதற்குள் கைமாறிவிட்டன. ஐம்பது நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடத்தில் கூப்பிட்டிருந்தால்? அந்தக் கணக்கை நான் இரவில் படுத்துக்கொண்டு நிறையப் போட்டுவிட்டேன்.

அதே நாளில் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் விவரங்களைப் பதிவு செய்தேன். வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்தேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் வேறு எங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. அதை நம்பித்தான் போனேன். ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், தெரிவிக்கும் நேரம் வரை போனது அவர் தலையில்தான். கார்டு விவரத்தை நானே தட்டிக் கொடுத்ததால் எனக்கு இரண்டாவது விதி. கிளையில் இதை எனக்கு விளக்கிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார், அதனால் வலி ஒன்றும் குறையவில்லை.

அடுத்தது போன். அந்தச் செயலியை நீக்கலாம் என்று பார்த்தால் திரையில் ஐகானே இல்லை. ஒளிந்துகொண்டது. என் அக்கா மகன் வந்து, முதலில் இணையத்தை அணைத்துவிட்டு, அமைப்புகளுக்குள் போய் செயலிகளின் முழுப் பட்டியலில் தேடிப் பிடித்தான். பெயரில்லாமல், வெற்றுப் படத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பறித்த பிறகுதான் நீக்கவே முடிந்தது. அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள் என்று ##002# அடித்து அதையும் ரத்து செய்தான். கடைசியில் போனையே முழுதாக அழித்துப் புதிதாக அமைத்தோம். பேத்தியின் முதல் பிறந்தநாள் வீடியோ அதில் போனது. வீட்டில் அதற்குத்தான் அதிகத் திட்டு.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அன்று மாலை கிண்டி நிலையத்தில், பேயறைந்த முகத்தோடு டிக்கெட் கவுன்டரில் அட்டையை நீட்டினேன். உள்ளே இருந்த பெண் அதை வாங்கி ஒரு சின்னக் கருவியின்மேல் வைத்து, ஏதோ பொத்தானை அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஏறிடுச்சு சார். 512." இருபது விநாடிகூட ஆகவில்லை. கட்டணமும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். இந்த வகை அட்டையில் பணம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆன்லைனில் போடும் பணம் அட்டையைக் கொடுத்த வங்கியின் கணினியில் போய் நிற்கும். பயணத்துக்குக் கழிவது அட்டைக்குள் இருக்கும் சிப்பில் பதிந்த இருப்பிலிருந்து. கேட் கண் இமைக்கும் நேரத்தில் திறக்க வேண்டும், பேருந்து சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் சிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. மூட்டையில் அரிசி இருக்கிறது, பானைக்கு இன்னும் வரவில்லை. அதற்கான கருவியில் அட்டையை ஒருமுறை வைத்தால்தான் பணம் மூட்டையிலிருந்து பானைக்கு வரும். இது தெரியாமல்தான் நான் 500 ரூபாயைத் தேடிப் போனேன். கேஒய்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். சிப்பில் ஏறிய பணம் கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி. அட்டை தொலைந்தால் கண்டெடுத்தவர் அதை வைத்துப் பயணம் செய்யலாம், தடுக்க வழியில்லை. அதில் அதிகபட்சம் 2,000 ரூபாய்தான் வைக்க முடியும், அதுவே ஒரு நல்ல வரம்பு. நான் இப்போது 300-க்கு மேல் ஏற்றுவதில்லை, அதையும் நிலையக் கவுன்டரிலேயே ரொக்கமாகக் கொடுத்து ஏற்றிக்கொள்கிறேன். சோம்பேறித்தனமாக வீட்டிலிருந்து செய்த ரீசார்ஜ் எனக்குப் போதும்.

நிறுத்தி வைத்த 9,100 ரூபாய் இன்னும் கைக்கு வரவில்லை. மனு கொடுத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு அழைப்பு வந்தது. "சார், சைபர் கிரைம்ல இருந்து பேசுறோம். உங்க 38,400 முழுசா கிடைச்சிருச்சு. ப்ராசஸிங் சார்ஜ் 1,500 மட்டும் இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க." தொகை ரூபாய் சுத்தமாகச் சரி. பறிகொடுத்தவர்களின் பட்டியலையும் யாரோ கைமாற்றுகிறார்கள் போல. புகார் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு நொடி மௌனம். அப்புறம் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு வைத்துவிட்டான். அந்த எண்ணையும் பழைய புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.