டிராவா, ஃபேடா? வாரம் ஒருநாள் ஆடுபவரின் கணக்கு

கோல்ஃபில் வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து இடப்பக்கம் வளைந்தால் டிரா, வலப்பக்கம் வளைந்தால் ஃபேட். டிரா தாழப் பறந்து, விழுந்தபின்னும் உருளும். ஃபேட் உயரப் போய்ப் பொத்தென்று உட்காரும். இரண்டையும் பழகிப் பார்த்த பிறகு ஃபேட்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நாலு வாரம் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) தொடாமல் இருந்தாலும் எது கைவிட்டுப் போகாது? எனக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது.

டிராவுக்கு ஒன்றரை வருஷம் உழைத்தேன். கிளப்பின் முகத்தை (பந்தில் படும் பரப்பை) இலக்குக்கு நேராக வை, உடம்பை வலப்பக்கம் திருப்பு என்பது பழைய பாடம். அப்படி அடித்தால் பந்து இலக்கை நோக்கிக் கிளம்பி, அதைத் தாண்டி இடப்பக்கம் ஓடும். காரணம், பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகமே தீர்மானிக்கிறது: அயர்னில் (இரும்புத் தலைக் கிளப்) சுமார் 75 சதவீதம், டிரைவரில் (தூர அடிக்கான நீளக் கிளப்) 85. கிளப் வரும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு. ஆக, டிராவுக்கு முகம் இலக்குக்குச் சற்று வலப்பக்கம், பாதை அதைவிட வலப்பக்கம் இருக்க வேண்டும்.

புரிந்தது, அடிக்கவும் வந்தது, ஆனால் தங்கவில்லை. பயிற்சி ரேஞ்சுக்குப் போகாமல் விட்டால் மணிக்கட்டு இம்மியளவு முந்தித் திரும்பும், டிரா மிதமிஞ்சி வளைந்து ஹூக்காகிவிடும். முகம் மூடினால் லாஃப்டும் (முகத்தின் சாய்வும்) குறையும். 7 அயர்ன், லாஃப்ட் குறைந்த 6 அயர்ன் போலத் தாழப் பாய்ந்து மரத்தடி வரை உருளும். ஃபேட் பிசகினால், வலப்பக்கம் மிதமிஞ்சி வளையும் ஸ்லைஸ். தூரம் குறையும், ஆனால் பந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும், அடுத்த ஷாட்டும் பிழைக்கும். அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் பென் ஹோகனையே ஹூக் வருஷக்கணக்கில் வாட்டியது. ஃபேடுக்கு மாறியவர் 1953இல் மட்டும் மூன்று மேஜர் (முதன்மைப் போட்டிகள்) வென்றார்.

ஃபேடிலும் டிரைவர் என்னை அலைக்கழித்தது. இடப்பக்கம் குறிவைத்து அடித்தால் பந்து இன்னும் இடப்பக்கமே வளைந்தது. டிரைவர் முகத்தில் டால்கம் பவுடர் தூவி அடித்துப் பார்த்தேன். பந்தின் வட்டத் தடம் நடுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, நுனிப் பக்கம் பதிந்திருந்தது. நுனியில் பட்டால் டிரைவரின் தலை திருகி, பந்துக்கு டிரா சுழற்சி ஏறிவிடும். அரை அங்குலம் பந்துக்குக் கிட்டே நின்றேன்; அன்று மாலையே ஃபேட் திரும்ப வந்தது.

எதிர்காற்றில் டிராதான் மேல், மறுக்க மாட்டேன். மலைமேல் எனக்கு அனுபவம் போதாது. கொடைக்கானலில் ஒரே ஒரு ரவுண்ட். காற்று மெலிந்த அந்த உயரத்தில் இரண்டுமே குறைவாகத்தான் வளைந்தன. இடப்பக்கம் திரும்பும் ஃபேர்வே (புல் வெட்டிய ஆடுபாதை) வந்தால் இப்போதும் 3 வுட்டால் டிரா முயல்கிறேன், லாஃப்ட் குறைந்த கிளப்பில்தான் பந்து சுலபமாக வளையும். லாஃப்ட் அதிகமான வெட்ஜில் எந்தப் பக்கமும் வளைப்பதில்லை, நேரே குழி இருக்கும் கிரீனுக்குத்தான்.