மீன் கம்பெனிக் கணக்குக்கு எஸ்கியூலைட்டா, போஸ்ட்கிரெஸா?

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸில் எது வேகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கடலுக்குப் போன விசைப்படகுகள் மறுநாள் காலையில் கரை சேரும்போது ஒரு கம்பெனியில் எத்தனை கொள்முதல் சீட்டு விழுந்துவிடும்? அந்த அளவுக்கு எந்த டேட்டாபேஸும் திணறாது. நான் பார்ப்பது வேறு இரண்டு. பாதியில் கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? உப்புக்காற்றில் துருப்பிடித்து கம்ப்யூட்டரே படுத்துவிட்டால், எவ்வளவு நேரத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் கணக்கைத் திரும்ப எழுப்பலாம்?

ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் யோசிக்காமல் எஸ்கியூலைட். சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, மொத்தக் கணக்கும் ஒரே ஃபைல். கரண்ட் போய் வந்தாலும் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். ஆனால் அந்த ஒரே ஃபைல் என்பதை நம்பித்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு கம்பெனியில் தினமும் சாயங்காலம் அந்த ஃபைலைப் பென் டிரைவில் காப்பி செய்யச் சொல்லியிருந்தேன், அவர்களும் தவறாமல் செய்தார்கள், ஹார்ட் டிஸ்க் போன அன்று திறந்து பார்த்தால் கடைசி இரண்டு நாள் இறால் கொள்முதலையே காணோம். எஸ்கியூலைட் 'வால்' (WAL, மாற்றங்களை முதலில் தனியாக எழுதிவைக்கும்) முறையில் ஓடும்போது புதுப் பதிவுகள் முதலில் '-வால்' என்று பெயர் முடியும் பக்கத்து ஃபைலில்தான் விழும். அது 1000 பக்கம், அதாவது சுமார் 4 எம்பி சேர்ந்த பிறகு, அல்லது மென்பொருளை ஒழுங்காக மூடும்போதுதான் மூல ஃபைலுக்குப் போகும். சின்னக் கம்பெனியில் 4 எம்பி சேர நாளாகும், மென்பொருளையும் யாரும் மூடுவதில்லை. அன்றிலிருந்து வெறும் காப்பியை நிறுத்திவிட்டேன். 'வேக்குவம் இன்டு' என்ற கட்டளை, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான ஒரு நகலைத் தனி ஃபைலாக எடுத்துக் கொடுக்கும், 2019-இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து இருக்கிறது. எடுத்த நகலில், அது பழுதில்லையா என்று சோதிக்கும் 'இன்டக்ரிட்டி செக்' ஓட்டிப் பார்த்த பிறகுதான் பென் டிரைவைக் கழற்ற வேண்டும்.

ஏல இடத்தில் ஒருவர், ஐஸ் கணக்குக்கு ஒருவர், ஆபீஸில் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்து எழுதினால் போஸ்ட்கிரெஸ்தான். எஸ்கியூலைட் ஃபைலை நெட்வொர்க் ஷேரில் போட்டு மூன்று கம்ப்யூட்டரிலிருந்து திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும், வால் முறையோ நெட்வொர்க் வழியாக வேலையே செய்யாது. போஸ்ட்கிரெஸில் நகல் எடுக்கும் 'பிஜி டம்ப்' ஓடும்போது மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம், தொடங்கிய நொடியில் இருந்த நிலை அப்படியே நகலில் வரும். யூசர்களும் அவர்களின் பாஸ்வேர்டுகளும் மட்டும் அதில் வராது, அதற்கு 'பிஜி டம்ப் ஆல்' தனியாக எடுக்க வேண்டும். டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வைப்பது பேக்கப் ஆகாது. சர்வர் ஓடும்போது எடுத்தால் உள்ளே முன்னுக்குப் பின் முரணாக இருக்கும், நிறுத்திவிட்டு எடுத்தாலும் அடுத்த பெரிய பதிப்பு அதைத் திறக்காது. இன்னொன்று, வேகம் கூடும் என்று யாராவது எஃப்சிங்கை (பதிவு டிஸ்கில் விழுந்துவிட்டதா என்று உறுதிசெய்யும் அமைப்பு) அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், கரண்ட் போகிற ஊரில் கணக்கே மொத்தமாகச் சிதைந்துபோகலாம்.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டியதில்லை. டேபிள்களைச் சேமிக்கும் முறை இன்னோடிபிதானா என்று மட்டும் பாருங்கள். பழைய பில்லிங் மென்பொருள்களில் மைஐசாம் என்ற பழைய முறை இருக்கும், அது கரண்ட் கட்டைத் தாங்காது.

காசு விஷயத்தில், தசமத்தைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும் போஸ்ட்கிரெஸின் 'நியூமரிக்' வகை நிம்மதி. எஸ்கியூலைட்டில் அப்படித் துல்லியமான தசம வகை இல்லை, அதனால் ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்ணில் வைக்கிறேன். எடை கட்டத்தில் '12 கிலோ' என்று எழுத்தோடு தட்டினாலும் அது மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், 2021-இல் வந்த 'ஸ்ட்ரிக்ட்' டேபிள் போட்டால்தான் தடுக்கும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'மீன்' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, போஸ்ட்கிரெஸும் எஸ்கியூலைட்டும் நெடில் குறியையும் புள்ளியையும் தனியாகச் சேர்த்து நான்கு என்று எண்ணும், மைஎஸ்கியூஎல்லின் 'லெங்த்' 12 என்று பைட் கணக்கு சொல்லும். நாட்டுப்படகுப் பெயருக்கு 20 எழுத்து போதும் என்று கட்டம் போட்டால் நீளமான பெயர் அதில் அடங்காமல் போகலாம்.

எதை எடுத்தாலும் நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இங்கே அதற்குத் தோதான காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், கம்பெனியிலும் ஆள் ஓய்வாக இருப்பார்கள். பழைய லேப்டாப் ஒன்றில் நகலை ஏற்றி, மார்ச் மாதக் கணவாய்க் கொள்முதலின் கூட்டுத்தொகை பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று கம்பெனிக்காரரையே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.